காற்றுக்குக் கொடுத்த கூலி

என் வீட்டுக்காரரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சல்லிசு’ என்றால்தான் தெரியும். பழைய கார்களை வாங்கிப் பிரித்து, கதவு தனி, பம்பர் தனி, கியர்பாக்ஸ் தனி என்று விற்கிற கடை எங்களுடையது. வெளியூர்க்காரர்கள் போனில் கேட்பார்கள். சாமான் விலையைச் சொன்னால் சரி என்பார்கள். அனுப்புகிற கூலியைச் சொன்னதும், “என்னங்க இது, இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாமே” என்பார்கள். உடனே இவர், “கவலையே படாதீங்க, சல்லிசா அனுப்பிடலாம்” என்பார். சொல்லிச் சொல்லி அதுவே பேராகிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த முக்கால் பணத்தைக் கரைப்பதற்காகவே பிறவி எடுத்தவர் இவர். அப்படிப்பட்ட ஒருவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் என் கஷ்டம் புரியும்.

சாப்பாட்டு மேஜையில் நான்கு நாற்காலிகள். இரண்டில் நாங்கள் உட்காருவோம். மற்ற இரண்டில் ஹெட்லைட்டுகள் உட்கார்ந்திருக்கும், கண்ணாடி கீறாமல் இருக்க என்னுடைய பழைய சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு. கட்டிலுக்கு அடியில் ஸ்டார்ட்டர் மோட்டார்கள். துணி காயப்போடுகிற கயிற்றில் ஃபேன் பெல்ட்டுகள். விருந்தாளி யாராவது வந்தால், எங்கே உட்காரச் சொல்வது என்று எனக்கு முன்னால் அவர்களே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அனுப்புகிற வழிகளை இவர் கண்டுபிடிக்கிற விதம் இருக்கிறதே, அதைக் கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு மட்டும் வராது. முட்டை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரி எந்த ஊருக்குப் போகும் என்று இவருக்குத் தெரியும். மெத்தைக் கடைக்காரர் வண்டியில் இரண்டு மெத்தைக்கு நடுவே ஒரு பானெட்டைச் செருகி அனுப்பினார். அது ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அதை ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை, வீடு மாற்றிக்கொண்டு போகிற குடும்பத்தின் பீரோவுக்குள் ஒரு ரேடியேட்டரை வைத்து அனுப்பினார். அது மிச்சத் தண்ணியைக் கக்கி அவர்களுடைய போர்வையை எல்லாம் பாழாக்கியது. அதை அவர் சொல்லமாட்டார்.

ஒரு நாள் பம்பர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கூரியர் ஆபீசுக்குப் போனார். சும்மா போகாமல் என்னையும் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். அங்கே இருந்த பெண் தராசில் வைக்கவே இல்லை. டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்து ஒரு தொகையைச் சொன்னாள்.

“ஏம்மா, இதை ஒரு கையால தூக்கலாம். எடை போட்டுப் பாரேன்.”

“எடை இல்ல சார். அடைக்கிற இடத்துக்குத்தான் கூலி.”

“உள்ள வெறும் காத்துதான் இருக்கு. காத்துக்கா கூலி கேக்கற?”

“ஆமா சார்” என்றாள் அந்தப் பெண். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பம்பரைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போது இவர் வாயே திறக்கவில்லை. நான் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, “காத்துக்குக் காசு கொடுத்தாச்சுன்னா அந்தக் காத்தை ஏன் சும்மா அனுப்பணும்?” என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது வினை. கார்க் கதவு என்பது வெளித்தகடு ஒன்று, உள் அட்டை ஒன்று, நடுவில் கண்ணாடி இறங்குவதற்கான பொந்து. பார்ப்பதற்குத்தான் கதவு. இவர் கண்ணுக்கு அது ஒரு பெட்டி. ஒரு ஊரிலிருந்து யாராவது கதவு கேட்டால், அதே ஊரில் வேறு யார் சின்னச் சாமான் கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார். உள் அட்டையைக் கழற்றி, அந்தச் சின்னச் சாமானைப் பழைய துணியில் சுற்றிப் பொந்துக்குள் கட்டி, அட்டையை மாட்டிவிடுவார். கதவுக்காரர் முழுக் கூலியும் கொடுப்பார். சின்னச் சாமான் இலவசமாகப் பயணம் செய்யும். அப்படி அடிக்கடி கதவு போகிற ஊர் ஒன்று. அதன் பஸ் நிலையத்தில் ‘நெட்டை’ என்று ஒரு சுமைக்காரர். பஸ் வந்ததும் அவர் கதவை ஓரமாகக் கொண்டுபோய், திறந்து, சாமானை எடுத்துவிட்டு, திரும்ப மூடி, கதவுக்காரரிடம் ஒப்படைப்பார். கதவுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் கூலியில் பங்கு கேட்பாரே!

“இது முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை. என்னைக்காவது மாட்டப்போறீங்க” என்று நான் சொன்னேன். “அவனுக்கு என்ன நஷ்டம்? அவன் கதவு அவனுக்குப் போகுதில்ல?” என்றார். இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? பதில் இருக்கிறது. ஆனால் சொன்னால் காதில் ஏறாது.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள். தானே பார்த்து ஒரு வேன் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன், சொந்த வண்டி. இவர் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு நினைத்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளை தன்னுடைய வேனைக் கழுவித் துடைத்து, பெருமையாக மாமனாரிடம் காட்டினார். இவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரைக் காலால் தட்டினார். “ஓட்டுறதைவிடப் பிரிச்சு வித்தா நல்லா போகும், மாப்பிள்ளை” என்றார். இவர் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டு, உதிரி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கேட்டவருக்கு அப்படியா இருக்கும்? பையன் முகம் செத்துப்போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தது இன்னும் மோசம்.

அதற்குப் பிறகு மகள் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்து போவாள். மாப்பிள்ளை வாசலில் இறக்கிவிட்டு அப்படியே போய்விடுவார். அவர்கள் குடியிருப்பது நெட்டை இருக்கிற அதே ஊரில்தான். இவர் அங்கே போனதே இல்லை. அந்த ஊருக்கு எத்தனை பஸ், எந்த பஸ்சில் கூரைமேல் சாமான் ஏற்றுவார்கள், எந்தக் கண்டக்டர் கண்டும் காணாமல் விடுவார், எல்லாம் அத்துப்படி. மகள் வீடு எந்தத் தெரு என்று கேட்டால் என்னைப் பார்ப்பார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மகள் போன் செய்தாள். வீட்டுக்கு இல்லை, கடை நம்பருக்கு. வேன் நின்றுவிட்டதாம். எஞ்சினை ஓட்டுகிற கம்ப்யூட்டர் பெட்டி, வண்டியின் மூளை மாதிரியான சின்னப் பெட்டி, எரிந்துவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு வாரத்துக்கு வேறு வண்டி பிடித்துக்கொள்கிறார்களாம். அடுத்த திங்கட்கிழமை காலையில் வேன் வந்து நிற்காவிட்டால் அந்த வேறு வண்டியையே நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அந்தப் பள்ளிக்கூட ஓட்டம் போனால் அவர்கள் பிழைப்பு போச்சு.

“அப்பா, நம்ம கடையில அந்தப் பெட்டி இருக்குமாப்பா?”

“இருக்கு. அனுப்பறேன்” என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு. எப்படி இருக்கிறாய், பிள்ளை என்ன செய்கிறது, ஒரு வார்த்தை கிடையாது.

பெட்டியை அன்றைக்கே ஒரு வண்டியிலிருந்து கழற்றித் துடைத்து மேஜைமேல் வைத்தார். இரண்டு கைக்குள் அடங்குகிற பெட்டி. நான், “நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. காலையில ஏறினா மத்தியானம் அங்க இருக்கலாம்” என்றேன்.

“கடையை யாரு பார்க்கறது?”

“நான் பார்க்கறேன்.”

“உனக்கு என்ன தெரியும்?”

இத்தனை வருஷமாக ஹெட்லைட்டோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவளைப் பார்த்து இந்தக் கேள்வி! கோபத்தை அடக்கிக்கொண்டு, “சரி, பார்சல் ஆபீசுலயாவது குடுங்க. நம்ம பொண்ணாச்சேங்க” என்றேன்.

“நம்ம பொண்ணுன்னாத்தான் வீண் செலவு பண்ணக்கூடாது” என்றார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

திங்கள் போனது, செவ்வாய் போனது. மெத்தை வண்டி அந்தப் பக்கம் போகவில்லை. முட்டை லாரி டிரைவர் லீவு. ஒரு பஸ் கண்டக்டரிடம் பேசிப் பார்த்தார். அந்த ஆள் புதியவர், ரசீது போட்டுத்தான் ஏற்றுவேன் என்றுவிட்டார். ரசீது என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் இறங்கி வந்துவிட்டார். புதன்கிழமை மகள் மறுபடி கேட்டாள். “வழியில இருக்கு” என்றார். எந்த வழியில்? மேஜையிலிருந்து பத்தடி தூரம்கூட அது நகரவில்லை.

வியாழக்கிழமை மகள் ஊர் டிங்கரிடமிருந்து போன் வந்தது. நசுங்கின வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிறவர், எங்களுடைய பழைய வாடிக்கைக்காரர். வெள்ளைக் கார் ஒன்றுக்கு டிரைவர் பக்கக் கதவு அவசரமாக வேண்டும் என்றார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அப்படியே வெள்ளைக் கதவு ஒன்று எங்களிடம் இருந்தது. பெண்ணின் பிழைப்பைத் துணியில் சுற்றி அந்தக் கதவுக்குள் கட்டி, வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்சில் ஏற்றிவிட்டு வந்தார். “சனிக்கிழமை காலையில நெட்டைகிட்ட வாங்கிக்கச் சொல்லு. காலணாகூட செலவில்ல” என்றார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மகள் போன் செய்தாள். மாப்பிள்ளை பஸ் நிலையத்தில் நிற்கிறார், நெட்டையைக் காணவில்லை என்றாள். விசாரித்ததில் நெட்டைக்குக் காலில் சுளுக்கு, வீட்டில் படுத்திருக்கிறாராம். வேறு ஒரு சுமைக்காரர் பஸ்சிலிருந்து கதவை இறக்கி, நேராக டிங்கரிடம் கொடுத்துவிட்டார். பிள்ளையோடு சேர்த்துத் தொட்டிலை விற்ற கதைதான்.

“உடனே டிங்கருக்குப் போன் போடுங்க” என்றேன்.

இவர் போனைக் கையில் எடுத்தார். வைத்தார். எடுத்தார். கடைக்குள்ளே போய் ஒரு பழைய சைலன்சரைத் துடைக்க ஆரம்பித்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? என்னவென்று சொல்லிக் கேட்பது? உன் கதவுக்குள் வேறொருவர் சாமான் இருக்கிறது என்றால், இதுவரை வந்த கதவுகளில் என்னென்ன இருந்தது என்று அந்த ஆள் கேட்கமாட்டாரா?

“கதவை மாட்டறதுக்கு முன்னாடி அவனே திறந்து பார்ப்பான். பார்த்தா அவனே கூப்பிடுவான்” என்றார்.

“வெள்ளைக் கதவு, வெள்ளைக் கார். எதுக்குத் திறந்து பார்க்கணும்? நாலு போல்ட்டை முறுக்கினா வேலை முடிஞ்சுது.”

“கொஞ்சம் பொறு.”

பொறுத்தேன். ஒரு மணி நேரம் பொறுத்தேன். இதற்குள் மகள் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் ஒன்றுமே கேட்கவில்லை. “சரிம்மா” என்று மட்டும் சொன்னாள். அந்தச் ‘சரிம்மா’வைக் கேட்டதும் என் பொறுமை எல்லாம் போய்விட்டது. கடைக்குள் போனேன். டிங்கர் நம்பரை நானே அழுத்தி, போனை இவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். இவர் இரண்டு கையிலும் கிரீஸ், தள்ளிவிட முடியவில்லை.

“தம்பி, அந்தக் கதவு... மாட்டியாச்சா?”

“அப்பவே மாட்டியாச்சுண்ணே. வண்டிக்காரர் மருந்து கம்பெனி ஆளு, வெளியூர் போகணும்னு பறந்துட்டாரு. ஏன்ணே?”

“ஒண்ணுமில்ல... ஒரு சின்னச் சாமான் கை தவறி உள்ள விழுந்திருக்கும் போல.”

“கதவுக்குள்ள எப்படிண்ணே கை தவறும்? அட்டையைக் கழட்டினாத்தானே உள்ள போகும்?”

இவர் என்னைப் பார்த்தார். நான் போனை இன்னும் அழுத்திப் பிடித்தேன். மென்று விழுங்கி, கடைசியில் எல்லாவற்றையும் சொன்னார். நெட்டையைப் பற்றி, மற்றக் கதவுகளைப் பற்றி, எல்லாம். சொல்லச் சொல்லக் காது மடல் சிவந்துபோனது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, இன்னும் நாலு சாத்தலாம் போலவும் இருந்தது.

“அப்ப நான் இத்தனை நாளா என் கதவுக்குக் கூலி குடுக்கலண்ணே. ஊருக்கே குடுத்திருக்கேன்” என்றார் டிங்கர். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டிக்காரர் நம்பரைக் கொடுத்தார். “பொண்ணு விஷயம்கறதால குடுக்கறேன். இனிமே கதவு நான் வேற இடத்துல பார்த்துக்கறேண்ணே” என்று வைத்துவிட்டார்.

மருந்துக்காரர் இன்னொரு ஊரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அங்கே ஒரு ஆஸ்பத்திரிப் பக்கம் இருப்பேன், வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கதவை மாட்டியதிலிருந்து உள்ளே ஏதோ டக்டக்கென்று அடித்து உயிரை வாங்குகிறது என்றும் சொன்னார். நான் கடையைப் பூட்டினேன். “நானும் வர்றேன்” என்றேன். “ரெண்டு டிக்கெட்டா?” என்று கேட்க வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறினோம். அது பாதி வழியில் நின்றது. வேறு பஸ். அதில் உட்கார இடமில்லை. இறங்கி ஆட்டோ. ஆட்டோக்காரர் கேட்ட தொகைக்கு இவர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில், வெயிலில், போகிற வருகிற நோயாளிகள் எல்லாம் வேடிக்கை பார்க்க, இவர் தரையில் மண்டி போட்டு அந்தக் காரின் கதவு அட்டையைக் கழற்றினார். ஆஸ்பத்திரிக் காவலாளி இரண்டு தடவை வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். மருந்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். துணி அவிழ்ந்து, பெட்டி பொந்தின் அடியில் விழுந்து கிடந்தது. ஒரு மூலையில் சின்ன நசுங்கல். வேறு சேதமில்லை. கதவுக் கிரீஸ் அப்பிய கையாலேயே அதை எடுத்துச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். அங்கிருந்து மகள் ஊருக்கு இன்னொரு பஸ். போகும் வழியெல்லாம் ஒரு கையைச் சட்டைமேலேயே வைத்துக்கொண்டிருந்தார். இதுவரை ஆன செலவில் அந்தப் பெட்டியைத் தனி காரில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தெருவை நான்தான் காட்டினேன். வீட்டு முன்னால் வேன் நின்றது. முன்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், “வாங்க அத்தை” என்றார். இவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். இவர் சட்டைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை வாங்கி மாட்டினார். இவர் சும்மா நிற்காமல் வேனைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். எங்கே மறுபடி வாயைத் திறந்துவிடுவாரோ என்று நான் பின்னாலேயே போய் முழங்கையில் கிள்ளினேன். சாவியைத் திருப்பினார் மாப்பிள்ளை. முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. “ஓடுது” என்றார், யாரிடம் என்று இல்லாமல். நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் வேன் நிற்கும். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மகள் வாசலில் நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை. அழுகையும் இல்லை.

“அப்பா, அந்தப் பெட்டி இந்த ஊர்லயே கிடைக்குது” என்றாள்.

“என்னது?”

“மொத நாளே அவர் கடையில பார்த்துட்டு வந்தார். கொஞ்சம் விலை கூட, அவ்வளவுதான். நான்தான் வாங்க விடல. எங்கப்பா எடுத்துட்டு வருவார், வந்தா எல்லாம் சரியாப் போயிடும்னு சொன்னேன். ஒவ்வொரு நாளும் அவர் என்னைக் கேட்டார். ஒவ்வொரு நாளும் வருவார், வருவார்னு சொன்னேன். நீங்க அதை பஸ்ல போட்டு அனுப்பிட்டீங்க.”

இவர் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். எனக்கு இவர்மேல் வந்த கோபம் அவள்மேலும் வந்தது. பிழைப்பையே பணயம் வைத்துவிட்டு ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தாளே, அப்படியே அப்பனைப் போல!

“அதான் வந்துட்டேனேம்மா” என்றார்.

“தொலைஞ்சதால வந்தீங்க. தொலையாமப் போய்ச் சேர்ந்திருந்தா வந்திருப்பீங்களா?”

மாப்பிள்ளை எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து நின்றார். ‘வந்திருப்பேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. எந்த வாடிக்கைக்காரருக்கும் எந்தப் பொய்யையும் இனிக்க இனிக்கச் சொல்கிற வாய். நான் மனசுக்குள் சொல்லுங்க, சொல்லுங்க என்று தவித்தேன்.

“வந்திருக்க மாட்டேன்” என்றார் இவர். “எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மாப்பிள்ளை முன்னாடி வந்து நிப்பேன்?”

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைதான் வாசல் குழாயைத் திறந்துவிட்டு, சோப்பை எடுத்து நீட்டி, “கையைக் கழுவுங்க மாமா” என்றார். இவர் குனிந்து கழுவ ஆரம்பித்தார். கிரீஸ் போன பிறகும் வெகு நேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.